கம்பியா, காற்றா?

மதுரை

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்தது. முழங்கால் வலி குறைந்து மாடி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே அம்மா நலம். உன்னை அடிக்கடி விசாரிக்கிறாள்.

பேத்தியோடு வீடியோவில் பேசும்போது பாதியில் படம் நின்றுவிடுகிறது, ரவுட்டரை மாற்றப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். கொஞ்சம் பொறு. எங்கள் வீட்டிலும் மூன்று வாரம் இதே பாடுதான். மாலை ஆனால் நெட் விட்டுவிட்டு வரும். அவசரப்பட்டுப் புது ரவுட்டர் வாங்கினேன். ஒன்றும் மாறவில்லை.

அப்புறம்தான் முறையாகப் பார்த்தேன். கோளாறு வெளியிலிருந்து வரும் கம்பியிலா, வீட்டுக்குள் காற்றில் வரும் வைஃபையிலா என்று முதலில் பிரித்துவிட வேண்டும். லேப்டாப்பில் கருப்புத் திரை கட்டளைச் சாளரம் இரண்டைத் திற. ஒன்றில் ரவுட்டரின் முகவரிக்குத் தொடர்ந்து பிங் கொடு. பிங் என்றால் சிறு செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை. பெரும்பாலும் 192.168.1.1 ஆக இருக்கும், பெட்டியின் அடியில் ஒட்டிய தாளில் பார்த்துக்கொள். இன்னொன்றில் வெளியே இணையத்தில் இருக்கும் கூகுளின் 8.8.8.8 என்ற முகவரிக்குக் கொடு. நெட் நிற்கும்போது இரண்டும் தடைப்பட்டால் வைஃபையில் கோளாறு. முதலாவது ஓடிக்கொண்டே இருந்து இரண்டாவது மட்டும் நின்றால் கம்பிப் பக்கம்தான் பார்க்க வேண்டும்.

எனக்கு வந்த பதில் குழப்பமாக இருந்தது. சில நாள் இரண்டும் நின்றன, சில நாள் இரண்டாவது மட்டும். அப்போதுதான் கோளாறு ஒன்றல்ல, இரண்டு என்று புரிந்தது.

வைஃபை கோளாறு எளிதில் பிடிபட்டது. பக்கத்தில் புதிதாக அடுக்குமாடி வந்திருக்கிறதே, அங்குள்ள வைஃபை பெட்டிகளில் பாதி, எங்களுடையதைப் போலவே 6-ஆம் சேனலில், அதாவது ஒரே அலைப் பாதையில் இருந்தன. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 மட்டும்தான். 11-க்கு மாற்றி, சேனலின் அகலத்தை 40-லிருந்து 20 மெகாஹெர்ட்ஸாகக் குறைத்தேன். வேகம் கொஞ்சம் குறைந்தாலும் பேச்சு அறுவது நின்றது. ரவுட்டரை இரும்பு பீரோவின் பின்னாலிருந்து எடுத்து உயரத்தில் வைத்தேன். உன் சமையலறையில் மைக்ரோவேவ் அடுப்பு இருந்தால் பெட்டியை அதன் பக்கத்தில் வைக்காதே. அதுவும் கிட்டத்தட்ட அதே அலைவரிசையில்தான் வேலை செய்கிறது.

கம்பிக் கோளாறுதான் என்னைப் படுத்திவிட்டது. ஃபைபர் கம்பி வந்து சேரும் பெட்டியில், ஒளி வரவில்லை என்று காட்டும் எல்.ஓ.எஸ். என்ற விளக்கு திடீரென்று சிவப்பாக மினுக்கும், பத்து நிமிடத்தில் சரியாகிவிடும். நெட் கம்பெனி ஆள் வந்து பார்க்கும் நேரத்தில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் வந்து சேரும் ஒளியின் அளவு இருக்கும். வழக்கமாக எனக்கு மைனஸ் 21 டி.பி.எம். (ஒளியின் வலிமையை அளக்கும் அலகு). சிவப்பு மினுக்குவதற்குச் சற்று முன் ஒருநாள் மைனஸ் 27 காட்டியது. அந்த அளவுக்கும் கீழே போனால் பெட்டிக்கு வெளிச்சம் போதாது. காரணம் என்ன தெரியுமா? பொங்கலுக்கு வெள்ளையடிக்கக் கட்டிலை நகர்த்தியபோது அதன் கால் ஃபைபர் கம்பியைச் சுவரோடு அழுத்தியிருக்கிறது. அம்மா மாலையில் சாய்ந்து படுத்தால் மடிப்பு இறுகும், எழுந்தால் தளரும். கண்ணாடி இழை கூர்மையாக மடங்கினால் அந்த இடத்தில் ஒளி கசிந்து வெளியேறிவிடும். கட்டிலை நாலு விரல் தள்ளினோம், சரியானது. ஆளுக்கும் இதைச் சொன்னேன். அந்த இடத்துக் கம்பியை மாற்றிக் கொடுத்துவிட்டார்.

உன் வீடு வேறு மாதிரி. தாத்தா காலத்துச் சுண்ணாம்புச் சுவர், ஒன்றேகால் அடி கனம். வைஃபையின் இன்னொரு அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸ் அதைத் தாண்டி வருவது கஷ்டம். பின்கட்டில்தானே பேத்தியோடு பேசுகிறாய்? நீ பிங் போட்டுப் பார்த்து வைஃபைதான் என்று தெரிந்தால், ரவுட்டரிலிருந்து பின்கட்டுக்கு ஒரு லேன் வயர் (நெட் கொண்டுபோகும் கம்பி) இழுத்து அங்கே சின்ன ஆக்சஸ் பாயிண்ட், அதாவது அந்த இடத்தில் வைஃபை கொடுக்கும் பெட்டி, வைத்துவிடு. புது ரவுட்டரை வாசல் திண்ணை அறையிலேயே வைத்தால் அந்தச் சுவர் குறுக்கே நிற்கத்தானே செய்யும்.

இந்த வாரம் நாலு நாள், நெட் நிற்கும் நேரத்தையும் எந்தச் சாளரம் நின்றது என்பதையும் ஒரு தாளில் குறித்து வை. சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு நானே கூப்பிடுகிறேன், சேர்ந்து பார்ப்போம். பேத்திக்கு என் அன்பைச் சொல்.

உன்
ராமு