கோப்பையின் மறுபக்கத்தைப் பிடித்திருந்தவர்

அன்புள்ள மிக்கேல் லாந்த்ரோ அவர்களுக்கு,

வணக்கம். 2000ஆம் ஆண்டு மே 7 அன்று, ஸ்டாட் டி பிரான்ஸ் மைதானத்தில், நாந்த் அணியின் கோல்கீப்பராகவும் கேப்டனாகவும் நீங்கள் உயர்த்திய பிரெஞ்சுக் கால்பந்துக் கோப்பையின் மறுபக்கத்தை இன்னொருவர் பிடித்திருந்தார். ரெஜினால்ட் பெக், தோற்ற கலே அணியின் கேப்டன். அந்தக் காட்சிக்காகத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

கலே ஒரு துறைமுக நகரம். அதன் அணி அப்போது நான்காம் பிரிவில் இருந்தது. துறைமுகத் தொழிலாளிகளும் அலுவலக ஊழியர்களும் வேலை முடித்துவிட்டு வந்து பயிற்சி செய்த அணி அது. லடிஸ்லாஸ் லொசானோ அவர்களைப் பழக்கினார். லில்லையும் கானையும் பெனால்டி ஷூட்-அவுட்டில் வென்றார்கள். காலிறுதியில் முதல் பிரிவு அணியான ஸ்ட்ராஸ்பூர்க் 2-1 என்று வீழ்ந்தது. அரையிறுதியில் எதிரே நின்றது போர்தோ, முந்தைய ஆண்டின் லீக் சாம்பியன். கூடுதல் நேரம் வரை இழுத்துச் சென்று 3-1 என்று ஜெயித்தார்கள்! அந்த ஸ்கோரை எழுதும்போது இப்போதும் எனக்குக் கை துள்ளுகிறது. லீக் அட்டவணையில் கலேயும் போர்தோவும் சந்திக்கவே வழியில்லை. தோற்றால் வெளியே என்ற இந்தக் கோப்பைதான் அவர்களை ஒரே புல்தரையில் நிறுத்தியது.

இறுதிப்போட்டியில் 34ஆவது நிமிடத்தில் கலேயின் துதித்ர் உங்களைத் தாண்டிப் பந்தை வலைக்குள் தள்ளினார். இடைவேளைக்குப் பிறகு உங்கள் அணியின் சிபியெர்ஸ்கி சமன் செய்தார். 90ஆவது நிமிடத்தில் நடுவர் நாந்த் அணிக்குப் பெனால்டி கொடுத்தார். கொடுத்திருக்கக் கூடாது என்பதே என் கட்சி. நீங்கள் மறுத்தாலும் மாற்றிக்கொள்ள மாட்டேன். மீண்டும் சிபியெர்ஸ்கி. 2-1.

அப்போது உங்களுக்கு 21 வயது முடிய ஒரு வாரம் இருந்தது. லீக்கில் உங்கள் அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிடுமோ என்ற பயம் துரத்திய பருவம் அது. அந்த வெற்றியை உங்களுக்கென்று மட்டும் வைத்துக்கொள்ள எல்லா நியாயமும் இருந்தது. ஆனாலும் பெக்கை அழைத்து, கோப்பையை அவரோடு சேர்ந்து உயர்த்தினீர்கள். அதை இரக்கம் என்று சிலர் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. இரக்கம் என்றால் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போயிருப்பீர்கள். அந்தப் பருவத்தின் கோப்பைக்கு உயிர் கொடுத்தவர்கள் கலே ஆட்டக்காரர்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது. ஓர் ஆட்டக்காரன் இன்னோர் ஆட்டக்காரனுக்குச் செலுத்திய மரியாதையாகவே அதைப் பார்க்கிறேன்.

பிரெஞ்சு முதல் பிரிவில் நீங்கள் 618 ஆட்டங்கள் ஆடினீர்கள். அந்தச் சாதனைக் கணக்கில் இந்த ஆட்டம் சேராது. கலே கிளப்பும் 2017இல் கலைக்கப்பட்டுவிட்டது. செய்தி படித்த அன்று, உறவினர் வீட்டில் துக்கம் நேர்ந்ததுபோல் இருந்தது எனக்கு.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். பெக்கைக் கூப்பிடலாம் என்று உங்களுக்கு எப்போது தோன்றியது? விசில் ஊதிய உடனேயா, கோப்பை கண்ணெதிரே வந்த பிறகா? கூப்பிட்டதும் அவர் என்ன சொன்னார்?

அன்புடன்,
உங்கள் ரசிகன்