மூட்டுவலிக்கு ஏன் காசநோய்ப் பரிசோதனை?

நகரி

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் மனைவிக்கு, எனக்குத் தங்கச்சி மாதிரியானவளுக்கு, முடக்குவாதம் இந்த அளவுக்கு முற்றிவிட்டது என்று எனக்குத் தெரியாது. காலையில் விரல்களை மடக்க முடியாமல் வெந்நீரில் கையை வைத்தபடி உட்கார்ந்திருக்கிறாள் என்று எழுதியிருந்தாய். படித்ததிலிருந்து மனசே சரியில்லை. புத்தூருக்கு அழைத்து வரட்டுமா என்று கேட்கிறாய். இங்கிருந்து புத்தூர் பக்கம்தான். நீங்கள் வந்தால் எனக்கும் சந்தோஷம். ஆனால் புத்தூர்க் கட்டு எலும்பு முறிவுக்கு. இது உடம்பின் நோயெதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்குகிற நோய். டாக்டர் சொல்கிற ஊசியைத் தள்ளிப்போடாதே.

மூட்டுவலிக்கு வைத்தியம் கேட்டால் கையில் டி.பி. ஊசி குத்திப் பார்க்கிறார்களே, தடித்திருக்கிறது என்று வேறு பயமுறுத்துகிறார்களே என்று கோபப்பட்டிருக்கிறாய். சர்வீஸ் முழுக்கச் சளி ஸ்லைடுகளைப் பார்த்தவன் நான். நீலப் பின்னணியில் மெல்லிய சிவப்புக் குச்சிகளாகத் தெரியும் அந்தக் கிருமியின் குணம் எனக்குத் தெரியும். பொறுமையாகப் படி.

மூச்சுக் காற்றோடு இந்தக் கிருமி நுரையீரலின் காற்றறைக்குப் போனதும், அங்கே காவலிருக்கும் விழுங்கு செல்கள் அதை விழுங்கிவிடுகின்றன. வேறு கிருமியாக இருந்தால் பெரும்பாலும் கதை அங்கேயே முடியும். விழுங்கப்பட்டது ஒரு சிறு பைக்குள் அடைபடும். அமிலமும் நொதிகளும் நிறைந்த இன்னொரு பை வந்து அதனோடு சேர்ந்து கிருமியைக் கரைத்துவிடும். காசநோய்க் கிருமி இரண்டு பைகளும் சேரவிடாமல் தடுத்து, தன்னைக் கொல்ல வந்த செல்லுக்குள்ளேயே குடியிருந்து பெருகுகிறது. நிணநீர்க் கணுக்களுக்குச் செய்தி போய், டி செல்கள் என்ற எதிர்ப்புச் செல்கள் திரண்டு நுரையீரலுக்கு வந்து சேரச் சில வாரங்கள் ஆகிவிடும். வந்த பிறகு அவை காமா இன்டர்ஃபெரான் என்ற, மற்ற செல்களைத் தூண்டும் புரதத்தைச் சுரக்கின்றன. அதைப் பெற்ற விழுங்கு செல்கள் அப்போதுதான் முழு வேகத்தில் கிருமியை அழிக்கத் தொடங்கும்.

அப்படியும் சில கிருமிகள் தப்பிவிடும். அவற்றைச் சுற்றிச் செல்கள் நெருக்கமாகக் கூடிச் சுவர் எழுப்பிக்கொள்கின்றன. உள்ளே கிருமி சாகாமல், பரவவும் முடியாமல் பல வருடங்கள் கிடக்கலாம். அப்படித் தொற்றைச் சுமப்பவர்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்குத்தான் வாழ்நாளில் எப்போதாவது நோயாக வெளிப்படும். சத்தான சாப்பாடு இல்லாமை, கட்டுக்கு அடங்காத சர்க்கரை, எச்.ஐ.வி., இவையெல்லாம் அந்தச் சுவரைப் பலவீனமாக்கும். நான் பார்த்து மனம் கலங்கிய ஒன்றைச் சொல்கிறேன். எச்.ஐ.வி. முற்றியவர்களின் ஸ்லைடில் தேடித் தேடிப் பார்த்தாலும் பல நேரம் கிருமி சிக்காது. நோயோ உடம்பெல்லாம் பரவியிருக்கும். நுரையீரலில் குழி விழுவதற்கே நம் எதிர்ப்புச் சக்தியின் மூர்க்கமும் ஒரு காரணம். அந்தச் சக்தி ஓய்ந்தவர்களுக்குக் குழி விழுவது குறைவு, அதனால் சளியில் கிருமியும் குறைவு.

தங்கச்சி விஷயத்துக்கு வருகிறேன். அந்தச் சுவர் கலையாமல் நிற்க டி.என்.எஃப். என்ற புரதம் வேண்டும். அவள் மூட்டுகளை வீங்கவைப்பதிலும் அதற்குப் பெரிய பங்கு உண்டு. டாக்டர் போடச் சொல்லும் ஊசி அதை அடக்குகிற ஊசி. மூட்டு ஆறும், பழைய தொற்று உள்ளே இருந்தால் அதுவும் விழித்துக்கொள்ளலாம். இந்த வகை ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குக் காசநோய் வருவதை 2001-லேயே அமெரிக்காவில் கண்டறிந்து எழுதிவிட்டார்கள். முதலில் கையில் குத்திப் பார்ப்பது அதனால்தான்.

கையில் தடித்தது கிருமி இல்லை. முன்பே அந்தக் கிருமியைச் சந்தித்த டி செல்கள் அடையாளம் கண்டு அங்கே கூடியதால் வந்த தடிப்பு. குத்திய இரண்டு மூன்று நாள் கழித்து, சிவப்பை விட்டுவிட்டு, விரலுக்குத் தட்டுப்படும் கெட்டியை மட்டும் ஸ்கேல் வைத்து அளப்பார்கள். பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி போட்ட தழும்பு இருக்கிறதே, அதை மீறி எப்படி என்கிறாய். குழந்தைகளுக்கு வரும் கடுமையான காசநோயிலிருந்து அந்த ஊசி காக்கும். பெரியவர்களின் நுரையீரல் நோயைத் தடுக்கவில்லை என்பது நம் பக்கத்துச் செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-ல் தொடங்கிய பெரிய ஆய்விலேயே தெரிந்தது.

நீ எழுதாமல் விட்டதை நானே சொல்கிறேன். கல்யாணமான புதிதில், இருமிக்கொண்டே படுத்திருந்த உன் அம்மாவைக் கூடவே இருந்து பார்த்துக்கொண்டவள் அவள்தான். ஊருக்குத் தெரியக் கூடாது என்று அன்று மறைத்தீர்கள். டாக்டரிடம் இன்று மறைக்காதே. அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கட்டும். நோய் இல்லை என்றால் தடுப்பு மாத்திரை கொடுப்பார்கள். பெரும்பாலும் ஒரு மாதமாவது அது ஓடிய பிறகே மூட்டு ஊசியைத் தொடங்குவார்கள். அந்த ஒரு மாத வலி கொடுமைதான், அதற்குத் தனியாக மருந்து கேள். கல்லீரல் பரிசோதனையை விடாதே. வாந்தியோ கண்ணில் மஞ்சளோ தெரிந்தால் உடனே போக வேண்டும். மூட்டுவலி குறைந்ததும் மாத்திரையை நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்.

இங்கே எல்லோரும் நலம். மருமகளுக்கு ஆவணியில் பிரசவம். எக்ஸ்ரேயில் என்ன சொன்னார்கள் என்று உடனே எழுது.

உன் அன்பு நண்பன்