கதிர் பொறுக்கும் பெண்களைத் தனியாகக் காட்டாதீர்கள்

கலை வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

19-ஆம் நூற்றாண்டு யதார்த்த ஓவியம் என்று பாடம் வந்தாலே பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் ‘கதிர் பொறுக்கும் பெண்கள்’ (1857) திரையில் வந்துவிடுகிறது. கூடவே ‘உழைக்கும் மக்களை உள்ளபடி வரைந்தார்’ என்று ஒரு வரி, அதோடு அடுத்த படம். தயவுசெய்து அப்படித் தாண்டிப் போகாதீர்கள்.

முதலில், படத்தில் குனிந்து நிற்கும் அந்த மூன்று பெண்களும் அறுவடைக் கூலிகள் இல்லை என்று சொல்லுங்கள். அறுப்பு முடிந்த பிறகு தரையில் சிந்திக் கிடக்கும் கதிரைப் பொறுக்கிக்கொள்ள பிரான்ஸின் ஏழைகளுக்குப் பழைய உரிமை ஒன்று இருந்தது; கூலி கிடையாது, கைக்கு அகப்பட்டதுதான். அப்புறம் படத்தின் பின்பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்: பெரிய பெரிய கதிர்ப் போர்கள், பாரம் ஏற்றிய வண்டி, கும்பலாக வேலையாட்கள், வலது ஓரத்தில் குதிரைமேல் ஒரு மேற்பார்வையாளர். விளைச்சல் அத்தனையும் தூரத்தில் வெயிலில் கிடக்க, இங்கே இவர்கள் கையில் ஒரு பிடி கதிர். இடப்பக்கத்துப் பெண் பொறுக்கியதை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டே குனிகிறாள். அந்த முதுகை வரைந்தவர் நார்மண்டியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, இளவயதில் வயலில் வேலை செய்தவர்.

உடனே பக்கத்தில் இன்னொரு பிரெஞ்சு ஓவியரான ஜூல் பிரெத்தோன் கதிர் பொறுக்குபவர்களை வரைந்த 1859 படத்தை வையுங்கள். அதே வேலைதான். ஆனால் பெண்கள் நிமிர்ந்து நடக்கிறார்கள், தலையிலும் தோளிலும் கதிர்க்கட்டுகள், வானத்தில் பிறை. பொழுது சாய்ந்தால் பொறுக்கக் கூடாது என்பதால் வயல் காவலர் வாயருகே கையைக் குவித்து எல்லோரையும் கூப்பிடுகிறார். அழகான படம், மறுக்கவே இல்லை. அதை அப்போதைய பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் வாங்கினார். மில்லேயின் படத்தைப் பார்த்த ஒரு விமர்சகருக்கோ, அந்த மூன்று ஏழைப் பெண்களுக்குப் பின்னால் பிரெஞ்சுப் புரட்சிக் காலத்து 1793-இன் கொலைமேடை தெரிந்தது. பிரான்ஸில் மறுபடி 1848 புரட்சி நடந்து 10 வருடம்கூட ஆகாத நேரம் அது.

இரண்டு பேரும் கிராமத்தில் பிறந்தவர்கள், இரண்டு பேரும் கண்ணால் கண்ட வேலையைத்தான் வரைந்தார்கள். அப்படியானால் ‘உள்ளபடி’ என்று நாம் மனப்பாடம் செய்ய வைப்பது எதை? ஒவ்வொரு படத்திலும் அந்தப் பெண்களுக்குக் கிடைத்த தானியம் எவ்வளவு என்று மாணவர்களையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள், மீதியை அவர்களே பேசுவார்கள்.

இரண்டுமே பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில்தான் இருக்கின்றன, நல்ல பிரதிகள் இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். ஒரு வகுப்பு முழுக்க இதற்கே போனாலும் சரி, இன்னொரு யதார்த்த ஓவியரான கூர்பேயை அடுத்த வாரம் எடுத்துக்கொள்ளலாம்.