அலபாமா சட்டமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்களே,

வணக்கம். 2021 அக்டோபரில் உங்கள் தலைநகர் மான்ட்கமரி, ஜெஃப் டேவிஸ் அவென்யூ என்ற தெருவுக்குக் கறுப்பின வழக்கறிஞர் ஃபிரெட் கிரேயின் பெயரைச் சூட்டியது. அதற்காக 25,000 டாலர் அபராதம் கட்டச் சொன்னது உங்கள் மாநிலம். நாற்பது ஆண்டுக்கு மேல் பழைய நினைவுச் சின்னங்களை மாற்றக் கூடாது என்று 2017இல் நீங்கள் போட்ட சட்டம், தெருப்பெயரையும் சேர்த்துக் காக்கிறது. நான் உங்கள் வாக்காளன் இல்லை. ஆனாலும் அந்தச் சட்டத்தைத் திருத்துங்கள் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

கிரே அந்தத் தெருவிலேயே வளர்ந்தவர். இரண்டு வயதில் அப்பாவை இழந்தார். அம்மா வீட்டு வேலை செய்து ஐந்து பிள்ளைகளை ஆளாக்கினார். கறுப்பர் என்பதால் அலபாமாவில் சட்டம் படிக்க இடம் கிடையாது. ஒஹையோவுக்குப் போய்ப் படித்தார். நிறப் பிரிவினை எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் அதைத் தகர்ப்பது என்று மனதில் உறுதி எடுத்துக்கொண்டு, 1954இல் ஊர் திரும்பினார்.

அடுத்த ஆண்டே பேருந்தில் வெள்ளையருக்கு இடம்விட மறுத்த 15 வயது கிளாடெட் கால்வினுக்காக வாதாடினார். அப்புறம், அதே போல மறுத்துக் கைதான ரோசா பார்க்ஸ். ஆனால் பேருந்துப் பிரிவினையைச் சட்டப்படி ஒழித்த 1956 வழக்கில் பார்க்ஸின் பெயரே இல்லை. அவர் மீதான குற்ற வழக்கு நிலுவையில் இருந்ததால் இரண்டு வழக்குகளும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும் என்று கிரே யோசித்து, கால்வின் உள்ளிட்ட வேறு பெண்களை முன்னிறுத்தினார். அவர்களில் ஒரு பெண் மிரட்டலுக்குப் பயந்து விலகியதும், அனுமதியில்லாமல் வழக்குப் போட்டதாகக் கிரே மீதே குற்றம் சாட்டினார்கள். கட்டாய ராணுவ சேவைக்கு இழுக்கவும் பார்த்தார்கள். அப்போது அவருக்கு வயது 25. அந்த நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது.

இனி உங்கள் சபைக்கு வருகிறேன். 1957இல் டஸ்கீகி நகரின் சதுர எல்லையை 28 பக்க உருவமாக வெட்டி வரைந்தது இதே சட்டமன்றம்தான். கறுப்பின வாக்காளர்களில் நாலைந்து பேரைத் தவிர எல்லோரும் ஊருக்கு வெளியே போனார்கள். கறுப்பினத்தவர் படித்த டஸ்கீகி கல்வி நிறுவனமே எல்லைக்கு அப்பால் தள்ளப்பட்டது. அந்த வரைபடத்தோடு உச்ச நீதிமன்றம் போன கிரே, 1960இல் நீதிபதிகள் ஒருவர்கூட எதிர்க்காத தீர்ப்பைப் பெற்றார். பத்தாண்டு கழித்து அதே சபைக்கு உறுப்பினராகவும் தேர்வானார். உள்நாட்டுப் போரை அடுத்து வந்த மறுசீரமைப்புக் காலத்துக்குப் பின் அங்கே நுழைந்த முதல் இரு கறுப்பினத்தவர்களில் அவரும் ஒருவர்.

அமெரிக்க அரசின் ஆய்வுக்காக, சிஃபிலிஸ் நோய்க்குச் சிகிச்சை தராமல் நாற்பது ஆண்டுகள் வேடிக்கை பார்க்கப்பட்ட டஸ்கீகி ஆண்களுக்கு 1974இல் இழப்பீடு வாங்கித் தந்தவரும் இவரே.

எதிர்ப்பக்கம், தெருவின் பழைய பெயருக்கு உரிய ஜெஃபர்சன் டேவிஸ்: அடிமை முறையைக் காக்கப் பிரிந்த தென்மாநிலங்களின் அதிபர். அவர் வரலாற்றை யாரும் அழிக்கச் சொல்லவில்லை; அது புத்தகங்களில் இருக்கிறது. தன் தெருவுக்கு யார் பெயர் வைப்பது என்பதை அந்தந்த ஊரே முடிவு செய்யட்டும். 2017 சட்டத்திலிருந்து தெருப்பெயர்களை எடுத்துவிடுங்கள். அடுத்த கூட்டத்தொடரிலேயே அதற்கான திருத்தத்தைக் கொண்டுவந்து, ஒவ்வொருவரும் பெயர் சொல்லி வாக்களியுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தமிழ் வாசகன்