'ஷை' அல்ல, ௸

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாளிதழ்களில் வரும் சொத்து அறிவிப்புகளிலும், கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் தட்டச்சாகும் கிரையப் பத்திரங்களிலும் 'ஷை சொத்து', 'ஷையார்' என்று அச்சாகிறது. தமிழில் 'ஷை' என்றொரு சொல்லே கிடையாது. அங்கே வரவேண்டியது 'மேற்படி' என்பதற்கான ௸ குறி. பார்வைக்கு ஏறக்குறைய ஷை போல இருப்பதால் எழுத்தையே போட்டுப் பழகிவிட்டார்கள். வாசித்துக் காட்டும்போதும் 'ஷை' என்றே வாசிக்கிறார்கள். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொதுக் கணினி முறையான யூனிகோடில் இந்தக் குறி 2003-இல் வந்த 4.0 பதிப்பிலிருந்தே இருக்கிறது. போடும் வழி தெரிந்தால் போதும்.

எம்எஸ் வேர்டில் Num Lock விசையைப் போட்டு, ஆல்ட் கீயை அழுத்திப் பிடித்தபடி வலப்பக்க எண்பலகையில் 3064 அடித்துக் கையை எடுங்கள், ௸ விழும். மேல் வரிசை எண்களை அடித்தால் விழாது. இதையே பழைய நோட்பேடில் அடித்துவிட்டு, டிகிரிக்குப் போடும் ° வந்துவிட்டதே என்று குழம்புவோர் உண்டு. அந்த மென்பொருள் 3064-ஐ 256-ஆல் வகுத்து மீதியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. மீதி 248, அது டிகிரிக் குறியின் எண். வேர்டில் போட்டு நகலெடுத்து ஒட்டினால் இந்தத் தொல்லை இல்லை.

எண்பலகை இல்லாத லேப்டாப்பில், வேர்டிலேயே கீபோர்டை ஆங்கிலத்துக்கு மாற்றி, ௸-இன் யூனிகோடு குறியீடான பூச்சியம், பி, எஃப், 8 (0BF8) என்ற நான்கையும் இடைவெளியின்றி அடித்து, உடனே ஆல்ட்டையும் எக்ஸையும் சேர்த்து அழுத்த வேண்டும். இதில் ஒரு பொறி இருக்கிறது. தேதிக்கான ௳ குறியின் குறியீடு பூச்சியம், பி, எஃப், 3 (0BF3). '5' என்ற எண்ணை ஒட்டி அதை அடித்து ஆல்ட்-எக்ஸ் கொடுத்தால், வேர்டு முன்னால் நிற்கும் 5-ஐயும் குறியீட்டோடு சேர்த்து விழுங்கிவிடும். தேதியும் போய், குறியும் வராமல், வெறும் கட்டம்தான் மிஞ்சும். கடைசி நான்கை மட்டும் தேர்வு செய்துவிட்டு அழுத்தினால் சரியாக வரும்.

தேதிக் குறி என்றதும் கல்யாணப் பத்திரிகை நினைவுக்கு வருகிறது. 'விசுவாவசு ௵ தை ௴ 10 ௳' என்று போடக் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆல்ட் எண்கள்: ௳ நாள் 3059, ௴ மாதம் 3060, ௵ வருடம் 3061. பத்திரிகையில் வருடம் முன்னே வரும், எண் வரிசையிலோ நாள் முன்னே நிற்கும். எண்களை ஏறுவரிசையில் அடித்து, வருடம் இருக்க வேண்டிய இடத்தில் நாளைப் போட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. 10-க்கும் ௳-க்கும் நடுவே சாதாரண இடைவெளி விட்டால், வரி முடியும் இடத்தில் எண் மேலேயும் குறி கீழேயும் பிரிந்துவிடும். கன்ட்ரோல், ஷிஃப்ட், ஸ்பேஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தி விடும் இடைவெளி பிரியாது.

பத்திரம் எழுதுவோர் ஒரு நாளில் எத்தனை தடவை 'மேற்படி' போடுகிறார்கள்! அவர்களுக்கு வேர்டின் ஆட்டோகரெக்ட்தான் தோது. 'மேப' என்று அடித்தால் ௸ என்று மாறும்படி ஒருமுறை பதிந்துவிடலாம். ஸ்பேஸ் தட்டிய பிறகுதான் அது மாறும் என்பதால் 'மேபயார்' மாறாமல் நிற்கும்; ௸யார் என்பதைத் தனியாகப் பதிய வேண்டும். ஆண்ட்ராய்டு போனில் கூகுளின் கீபோர்டான ஜிபோர்டு செட்டிங்ஸில் பெர்சனல் டிக்ஷனரிக்குள் போய், தமிழின் கீழ் ௸-ஐயும் சுருக்கமாக 'மேப'வையும் சேர்த்தால், அடிக்கும்போது மேலே பரிந்துரையாகக் காட்டும்.

குறியைப் போட்டும் கட்டம் தெரிந்தால் அது எழுத்துருவின் கோளாறு. விண்டோஸில் நிர்மலா யுஐ, மற்றவற்றில் நோட்டோ சான்ஸ் தமிழ் வைத்தால் தெரியும். வேர்டு தானாகவே வேறு எழுத்துருவை இரவல் வாங்கிக் காட்டிவிடும், பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் அதை நம்ப முடியாது. பாமினி போன்ற யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் அமைத்த பக்கத்தில் இந்தக் குறிக்கு மட்டும் யூனிகோடு எழுத்துருவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கருக்கு யூனிகோடே தெரியாது, அங்கே குறியைப் படமாக ஒட்டுவதைத் தவிர வழியில்லை. அச்சகத்துக்கு வேர்டு கோப்பை அனுப்பாமல், எழுத்துரு உள்ளடங்கிய பிடிஎஃப் அனுப்புவது நல்லது.

எல்லா இடத்திலும் ௸ போடச் சொல்லவில்லை. தேடலில் 'மேற்படி' என்று கொடுத்தால் கணினி ௸-ஐக் கண்டுபிடிக்காது. பிற்பாடு தேட வேண்டிவரும் ஆவணத்தில் சொல்லையே முழுதாக எழுதுவதுதான் சரி. பழைய ரூபாய்க் குறியான ௹ என்பதையும் இன்றைய பத்திரத்தில் போட வேண்டாம், ரூ. அல்லது ₹ போதும்.

தங்கள் பக்க வடிவமைப்புப் பிரிவினர் 'ஷை'யை ஒரேயடியாக மாற்ற நினைத்தால் ஓர் எச்சரிக்கை. 'ரீப்ளேஸ் ஆல்' கொடுத்தால் 'பாஷை' 'பா௸' ஆகிவிடும். முன்னால் ஓர் இடைவெளி சேர்த்துத் தேடினால் பாஷை தப்பிக்கும், ஆனால் ஷைலஜா '௸லஜா' ஆகிவிடுவார். ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

இப்படிக்கு,
அச்சு வடிவமைப்பு, ஆவணத் தட்டச்சுப் பணியில் இருப்போர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.