கூடலூர் வட்டார வெண்பன்றி வளர்ப்போர்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2023-24

தலைவர் அவர்களுக்கும், பந்தலூர், தேவாலா, சேரம்பாடி என்று தூரத்திலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நம் உறுப்பினர் பண்ணை எதிலும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வரவில்லை. ஆனால் பயம் விலகவில்லை. 2022 ஜூலையில் வயநாட்டில் மானந்தவாடிப் பக்கம் நோய் உறுதியானது. 2023 ஜனவரியில் முதுமலையில் செத்துக் கிடந்த காட்டுப்பன்றிகளிலும் அதுவே கண்டறியப்பட்டது. ஒரு பக்கம் தாளூர், பாட்டவயல் எல்லை, இன்னொரு பக்கம் காடு. நாம் நடுவில் தொழில் செய்கிறோம்.

மனிதருக்குத் தொற்றாத நோய் இது. ஆனால் பன்றிக்கு வந்தால் பிழைப்பது அரிது. நம் நாட்டில் தடுப்பூசியும் இல்லை. ஒரு பண்ணையில் உறுதியானால் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் இருக்கும் பன்றிகளை எல்லாம், நன்றாக இருப்பவை உட்பட, கொன்று புதைக்க வேண்டும். 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்பு. இழப்பீட்டை மத்திய அரசும் மாநில அரசும் பாதிக்குப் பாதி தருகின்றன. 15 கிலோ வரையுள்ள குட்டிக்கு 2,200 ரூபாய், 100 கிலோவுக்கு மேற்பட்டதற்கு 15,000 ரூபாய். இது கொல்லப்படும் பன்றிக்குத்தான். தானாகச் செத்ததற்குக் கிடையாது. தகவல் சொல்ல ஒரு வாரம் தள்ளிப்போட்டால், அந்த வாரத்தில் செத்ததெல்லாம் நம் கைநட்டம்.

உண்மையான நட்டம் பன்றியின் விலையோடு முடிவதும் இல்லை. காலியான கொட்டகையைக் கழுவி, சுண்ணாம்படித்து, மாதக்கணக்கில் சும்மா போட்டுவைக்க வேண்டும். பிறகு தாய்ப்பன்றி வாங்கினால் சினைக்காலம் 114 நாள். பிறந்த குட்டி விற்பனை எடைக்கு வர இன்னும் எட்டு மாதம் ஆகும். முதல் பணத்தைப் பார்க்க ஒரு வருடத்துக்கு மேல். அதுவரை வங்கி வட்டி நிற்குமா?

இப்போது ஆகஸ்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். நம் உறுப்பினர் ஒருவரின் கொட்டகையில் இரண்டு நாளில் மூன்று பன்றிகள் காய்ச்சலில் செத்தன. அன்றே கால்நடை மருத்துவரிடம் சொன்னார். சாதாரணப் பன்றிக் காய்ச்சலா ஆப்பிரிக்கக் காய்ச்சலா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். மாதிரி போய் முடிவு வரும்வரை அவர் ஒரு குட்டியைக்கூட விற்கவில்லை. பண்டிகைக்குக் கேட்டிருந்த வியாபாரி வேறிடம் போய்விட்டார். கடைசியில் ஆப்பிரிக்கக் காய்ச்சல் இல்லை என்று வந்தது. நம் எல்லோருக்கும் நிம்மதி, அவருக்கு மட்டும் தீவனச் செலவும் போன வியாபாரமும்.

இது என்னை மிகவும் உறுத்தியது. சந்தேகம் வந்த இரவே பாதி விலைக்கு லாரியில் ஏற்றிவிட்டவர்களையும் நமக்குத் தெரியும். அவர்களைத் திட்டித் தீர்ப்பதில் பயனில்லை. மறைத்து விற்றால் அவருக்குக் கொஞ்சம் பணம் மிஞ்சுகிறது, சொன்னால் கையிருப்பும் போகிறது. சொல்கிறவர் தனியாகச் சுமக்கும் அந்தச் செலவை நாம் பகிர்ந்துகொள்ளாதவரை இது மாறாது.

ஆகவே செயற்குழு ஒரு நிதியை முன்மொழிகிறது. விற்கும் ஒவ்வொரு பன்றிக்கும் 50 ரூபாய் சேர்ப்போம். சந்தேகத்தைச் சொன்ன உறுப்பினருக்கு, முடிவு வரும்வரை தீவனச் செலவை இதிலிருந்து கொடுப்போம். முடிவு எதுவானாலும் திருப்பிக் கேட்கக் கூடாது.

ஓட்டல் மிச்சம் பற்றியும் ஒரு வார்த்தை. ஊட்டி, கூடலூர் ஓட்டல்களில் இலவசமாகக் கிடைக்கிறது என்று நம்மில் பலர் எடுக்கிறோம். அதில் பன்றி இறைச்சித் துண்டு ஒன்று இருந்தாலே போதும், கிருமி அதில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். அரை மணி நேரமாவது நன்றாகக் கொதிக்க வைத்துத்தான் போட வேண்டும். விறகுச் செலவு கூடுகிறது என்கிறார்கள். சரி, கூடுகிறதுதான், அதையும் தீவனக் கணக்கில் எழுதுங்கள், அப்போதும் அது கடைத் தீவனத்தைவிட மலிவாக இருக்கிறதா என்று பாருங்கள். என் பண்ணையில் எழுதிப் பார்த்த பிறகு பாதியாகக் குறைத்துவிட்டேன்.

காட்டுப்பன்றி நெருங்காதபடி இரட்டை வேலி போட்டவர்கள் ஆறு பேர். வாசலில் கிருமிநாசினித் தொட்டி இன்னும் பலரிடம் இல்லை. வியாபாரியின் வண்டி கொட்டகை வரை வருவதை நிறுத்தியே ஆக வேண்டும். பன்றியைச் சாலைக்கு ஓட்டி வந்து ஏற்றலாம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். நிதித் தீர்மானத்தை இன்றே வாக்கெடுப்புக்கு விடும்படி தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்