பக்கத்தில் நின்றவர்களை வெல்ல வைத்த ஹோல்டன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய ஹாலிவுட் கதாநாயகர்களைப் பற்றி உங்கள் இதழில் வரும் தொடரை விடாமல் படித்து வருகிறேன். சென்ற இதழில் வில்லியம் ஹோல்டனைப் பற்றி வந்த கட்டுரைதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. கட்டுரையில் பாதி அவருடைய அழகு, மீதிப் பாதி அவருடைய குடியும் சாவும். இரண்டுமே பொய்யில்லை. ஆனால் நடிகராக அவர் செய்த காரியம் என்ன என்பதற்கு அதில் இடமே இல்லை. எனக்கு அது மிகவும் வருத்தமாக இருந்தது.

1950-ஆம் ஆண்டின் படங்களுக்கான ஆஸ்கர் போட்டியைப் பாருங்கள். சிறந்த நடிகைக்கான பட்டியலில் 'சன்செட் புலவார்ட்' படத்துக்காக குளோரியா ஸ்வான்சன் இருந்தார். 'பார்ன் எஸ்டர்டே' படத்துக்காக ஜூடி ஹாலிடே இருந்தார், வென்றவரும் அவரே. இரண்டு படங்களிலும் எதிரே நின்று நடித்தவர் ஹோல்டன். 1954-இல் 'த கன்ட்ரி கேர்ள்' கிரேஸ் கெல்லிக்கு ஆஸ்கர் வாங்கித் தந்தது. அதிலும் ஹோல்டன் இருந்தார். 1957-இல் 'த பிரிட்ஜ் ஆன் த ரிவர் க்வாய்' படத்துக்காக அலெக் கின்னஸ் வாங்கினார். 1976-இல் 'நெட்வொர்க்' படத்தில் பீட்டர் ஃபின்ச், ஃபே டனவே, பியாட்ரிஸ் ஸ்ட்ரெய்ட் என மூன்று பேர் வாங்கினார்கள். ஹோல்டனுக்கு மூன்று முறை பரிந்துரை வந்தது. 1953-இல் வந்த 'ஸ்டாலாக் 17' படத்துக்காக ஒரே ஒரு முறை கிடைத்தது.

இதை தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. எதிரில் இருப்பவர் பேசும்போது ஹோல்டன் எப்படிக் கேட்கிறார் என்று கவனித்தால் விஷயம் புரியும். காட்சியைத் தன் பக்கம் இழுக்க அவர் முயற்சி செய்வதே இல்லை. 'சன்செட் புலவார்ட்' படத்தில் ஸ்வான்சனின் நடிப்பு வேண்டுமென்றே மிகை நடிப்பு. மௌனப் படக் காலத்தோடு தன் வாழ்க்கையும் முடிந்துபோன ஒரு நட்சத்திரத்தின் கைகளும் கண்களும் எப்படி இருக்குமோ அப்படி. அவளை நம்பவும் முடியாமல், விட்டுவிட்டுப் போகவும் முடியாமல், அவள் காசில் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த எழுத்தாளனாக ஹோல்டன் அடங்கி நடித்ததால்தான் ஸ்வான்சன் கோமாளியாகத் தெரியாமல் பயங்கரமாகத் தெரிகிறார். அந்த வேடத்துக்கு முதலில் ஒப்பந்தமானவர் மாண்ட்கோமரி கிளிஃப்ட். அவர் கடைசி நேரத்தில் விலகிக்கொண்டதால்தான் அது ஹோல்டனுக்கு வந்தது. பத்து வருடமாகப் பக்கத்து வீட்டுப் பையன் வேடங்களில் தேய்ந்துகொண்டிருந்தவருக்கு படத்தின் இயக்குநர் பில்லி வைல்டர் கொடுத்த மறுபிறப்பு அது.

இந்தத் தாராளம் எங்கிருந்து வந்தது என்பதற்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. 1939-இல் 'கோல்டன் பாய்' படத்தில் நடிக்க வந்தபோது அவருக்கு வயது 21. இலினாய் மாநிலத்தில் பிறந்து கலிஃபோர்னியாவில் வளர்ந்த பையன், இயற்பெயர் வில்லியம் ஃபிராங்க்ளின் பீடில். வயலின் வாசிப்பையும் குத்துச்சண்டையையும் சேர்த்துச் சுமக்க வேண்டிய கனமான வேடம். பையன் தடுமாறினான், ஸ்டூடியோ அவனை மாற்றிவிடப் பார்த்தது. அவன் இருக்கட்டும் என்று பிடிவாதமாக நின்றவர் கதாநாயகி பார்பரா ஸ்டான்விக். அன்றைக்கே அவர் பெரிய நட்சத்திரம். சொந்த நேரத்தில் அவனை உட்கார வைத்து வசனம் சொல்லிக் கொடுத்தார். தன்னுடைய காட்சியில் இன்னொருவர் நிமிர்ந்து நிற்க உதவுவது எப்படி என்பதை ஹோல்டன் முதல் பெரிய படத்திலேயே கண்ணால் பார்த்துவிட்டார். அப்புறம் வாழ்நாள் முழுக்க அதையே செய்தார் என்பது என் எண்ணம்.

1978 ஆஸ்கர் விழாவில் இருவரும் சேர்ந்து ஒரு விருதை அறிவிக்க மேடைக்கு வந்தார்கள். எழுதிக் கொடுத்ததை ஓரமாக வைத்துவிட்டு, தன் வேலையைக் காப்பாற்றியவர் இந்த அம்மையார்தான் என்று உலகத்தின் முன்னால் சொன்னார் ஹோல்டன். ஸ்டான்விக் எதிர்பார்க்கவே இல்லை, கலங்கிவிட்டார். நான்கு முறை பரிந்துரைக்கப்பட்டும் ஒரு முறைகூட ஜெயிக்காதவர் அவர். 1982-இல் அவருக்கு கௌரவ ஆஸ்கர் கொடுத்தார்கள். அப்போது ஹோல்டன் இறந்து சில மாதங்களே ஆகியிருந்தன. தனக்கு ஆஸ்கர் கிடைக்க வேண்டும் என்று ஹோல்டன் ஆசைப்பட்டதை மேடையில் நினைவுகூர்ந்து, அந்த விருதை ஹோல்டனுக்கே உரியதாக்கினார் ஸ்டான்விக். ஹோல்டனின் சாவை அத்தனை விவரமாக எழுதிய உங்கள் கட்டுரையாளர் இந்த இரண்டு மேடைகளையும் எப்படி விட்டார் என்று தெரியவில்லை.

'க்வாய்' படத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், நம்மில் பலருக்கு ஹோல்டன் என்றால் அந்தப் படம்தான். டேவிட் லீன் அதை எடுத்தது இலங்கையில், களனி ஆற்றங்கரையில் கித்துல்கல என்ற ஊரில். ஹோல்டனுக்குச் சம்பளத்தோடு வசூலில் 10 சதவீதமும் பேசப்பட்டிருந்தது. பெரும் ஒப்பந்தம் அது. உங்கள் கட்டுரை அந்தப் பணத்தைப் பற்றித்தான் பேசுகிறது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் சிறைப்பட்டு, அவர்களுக்காக ரயில் பாலம் கட்டும் பிரிட்டிஷ் வீரர்களின் கதை அது. நான் பேச விரும்புவது அந்தச் சிறைமுகாமிலிருந்து தப்பியோடும், ஹோல்டன் நடித்த அமெரிக்கனைப் பற்றி. கின்னஸின் கர்னல் கௌரவம், ஒழுங்கு என்று நிமிர்ந்து நிற்கும்போது, உயிரோடிருப்பது ஒன்றுதான் முக்கியம் என்று நினைக்கும் சாதாரண மனிதன் ஒருவன் எதிரில் தேவைப்படுகிறான். அவன் இல்லாவிட்டால் அந்தக் கர்னலின் பைத்தியக்காரத்தனம் நமக்குத் தெரியவே தெரியாது. இன்னொன்றும் இங்கே சொல்லியாக வேண்டும். நிஜத்தில் ஜப்பானியர் போட்ட அந்த சயாம் (இன்றைய தாய்லாந்து) - பர்மா ரயில் பாதை வேலையில் மலாயா தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். படத்தின் கதை அவர்களுடையதாக இல்லை. அந்தக் குறை ஹோல்டனுடையது ஆகாது, ஆனால் தமிழில் அந்தப் படத்தைப் பற்றி எழுதும்போது ஒரு வரியாவது அவர்களுக்குச் சேர வேண்டும்.

சரி, குடிக்கு வருவோம். அதை மறைக்கச் சொல்லவில்லை. 1966-இல் இத்தாலியில் குடித்துவிட்டு அவர் ஓட்டிய கார் மோதி வேறொரு வாகனத்தில் வந்தவர் இறந்துபோனார். நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையோடு ஹோல்டன் வெளியே வந்தார். ஓர் உயிர் போனது, அதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. 1981 நவம்பரில், 63 வயதில், சாண்டா மோனிகாவில் தன் வீட்டில் போதையில் விழுந்து தலையில் அடிபட்டு, ரத்தம் போய்த் தனியாக இறந்தார். சில நாள் கழித்துத்தான் வெளியில் தெரிந்தது. இதையெல்லாம் எழுதலாம், எழுத வேண்டும். கூடவே, கென்யாவில் காட்டு விலங்குகளைக் காக்க அவர் வருடக்கணக்கில் உழைத்ததையும், அந்த வேலையை அவர் பெயரிலேயே ஓர் அறக்கட்டளை அமைத்து நடிகை ஸ்டெஃபனி பவர்ஸ் தொடர்ந்ததையும் ஒரு பத்தியில் சேர்த்திருக்கலாம்.

குடி அவர் முகத்தைச் சீக்கிரமே கிழடாக்கியது. பெரும்பாலான கதாநாயகர்கள் அந்த வயதில் விளக்கையும் ஒப்பனையையும் நம்புவார்கள். ஹோல்டன் அந்த முகத்தை அப்படியே கேமராவுக்குக் கொடுத்தார். 1969-இல் சாம் பெக்கின்பா எடுத்த 'த வைல்ட் பஞ்ச்' படத்தில் ஒரு காட்சி. கொள்ளைக்கூட்டத் தலைவன் பைக் பிஷப் குதிரையில் ஏறப் போகிறான், கால் வைத்த வளையத்தின் வார் அறுந்து, தன் ஆட்கள் முன்னாலேயே தரையில் விழுகிறான். அவர்கள் கேலி பேசுகிறார்கள். அவன் ஒன்றும் சொல்லாமல் வலியோடு எழுந்து, மறுபடி ஏறி, முன்னால் போகிறான். கேமரா அவன் முதுகைத்தான் காட்டுகிறது. அந்த முதுகில் ஐம்பது வருட வாழ்க்கை இருக்கிறது. இதைவிடப் பெரிய நடிப்பை நான் அதிகம் பார்த்ததில்லை.

'நெட்வொர்க்' படத்தில் 25 வருடம் கூட வாழ்ந்த மனைவியிடம், வேறொருத்தி மேல் ஆசை வந்துவிட்டதாக அவர் சொல்லும் காட்சியும் அப்படித்தான். மனைவியாக வரும் பியாட்ரிஸ் ஸ்ட்ரெய்ட் மொத்தப் படத்திலும் ஐந்து நிமிடம் அளவுக்கே இருக்கிறார். அதற்கே ஆஸ்கர் கிடைத்தது, தகுதியான விருதுதான். அவர் வெடித்து அழும்போது ஹோல்டன் செய்வதெல்லாம் வாங்கிக்கொள்வது மட்டும். குற்ற உணர்ச்சியை முகத்தில் பூசிக் காட்டவில்லை, பரிதாபம் தேடவில்லை. அந்தப் பெண்ணின் கோபம் விழ ஓர் இடம் வேண்டும், அந்த இடமாக இருந்தார்.

தொடர் புத்தகமாகும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதற்குள் இந்தக் கட்டுரையைத் திருத்தி, நீட்டி எழுதச் சொல்லுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். கட்டுரையோடு போட்ட படம் 'பிக்னிக்' காலத்து வாலிபப் படம். புத்தகத்தில் 'த வைல்ட் பஞ்ச்' படத்திலிருந்து அந்தச் சுருக்கம் விழுந்த முகத்தைப் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
திருநெல்வேலி